சமஷ்டி நாடான அமெரிக்காவில் மத்திய அரசு அத்துமீறியபோது மாநிலங்கள் என்ன செய்தன?

கோட்டைவாசல் (கேள்வி):

வணக்கம். திருகோணமலையில் உயர்தர வகுப்பில் அரசியல் விஞ்ஞானம் கற்கும் மாணவர்களுக்காக நாங்கள் நடத்தும் கலந்துரையாடலில், அடுத்த முறை ஐக்கிய அமெரிக்காவின் சமஷ்டி முறையை எடுத்துக்கொள்ள இருக்கிறோம். 1951இலும் 1956இலும் தமிழரசுக் கட்சி மாநாடு கூட்டிச் சமஷ்டி ஆட்சியைக் கோரிய ஊர் இது என்பதால், இங்கு வளர்ந்த பிள்ளைகளின் மனத்தில் சமஷ்டி என்பது மத்திய அரசின் கையைக் கட்டும் கயிறாகவே பதிந்திருக்கிறது. ஆனால் அமெரிக்க வரலாற்றைப் படிக்கப் படிக்க அந்தக் கயிறு பல இடங்களில் அவிழ்ந்து கிடப்பதையே காண்கிறேன். 1942இல் தொடங்கி ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 120,000 பேர் எந்தக் குற்றச்சாட்டும் இன்றி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அலபாமாவின் டஸ்கீகியில் மத்திய அரசின் பொதுச் சுகாதார சேவை 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயுற்ற கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பின்னரும் சிகிச்சை அளிக்காமல் நோயின் போக்கை மட்டும் பதிவு செய்துகொண்டிருந்தது. மாநிலங்களுக்குத் தனியதிகாரம் இருந்தும் அவை ஏன் இவற்றைத் தடுக்கவில்லை? தடுத்த சந்தர்ப்பங்கள் உண்டெனில் அவை எவை?

உப்புவெளி ஆசிரியர் (பதில்):

உங்கள் கேள்விக்கு 1942ஆம் ஆண்டிலேயே பெரும்பாலான விடை இருக்கிறது, ஏனெனில் தடுத்திருக்க வேண்டிய மாநிலங்களே அங்கே தூண்டிய தரப்பாக நின்றன. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் பெப்ரவரி 19இல் கையொப்பமிட்ட 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் ஜப்பானியரைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. இராணுவத் தளபதிகள் தாம் விரும்பும் பகுதியை வரையறுத்து, அதிலிருந்து எவரையும் வெளியேற்றலாம் என்றே அது கூறியது. அந்தப் பொதுவான வாசகத்தைக் கொண்டு மேற்குக் கரையோரத்தில் ஓர் இனத்தை மட்டும் வேரோடு பெயர்த்தார்கள். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். கலிபோர்னியாவின் அப்போதைய சட்டமா அதிபர் ஏர்ல் வாரன் இந்த வெளியேற்றத்தை வலியுறுத்தியவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் அவரே பிரதம நீதியரசராகி, 1954இல் பாடசாலைகளில் இனவாரியாகப் பிள்ளைகளைப் பிரிப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்ற தீர்ப்பை எழுதினார். எதிர்த்து நின்ற ஆளுநர் என்று பார்த்தால் கொலராடோவின் ரால்ஃப் கார் நினைவுக்கு வருகிறார்; தமது மாநிலம் அம்மக்களை ஏற்கும், பிரசைகளின் உரிமை பறிக்கப்படலாகாது என்று வெளிப்படையாகப் பேசிய அவர், அதே ஆண்டு செனட் சபைத் தேர்தலில் தோற்றார்.

அச்சம் முழுவதும் கற்பனை என்று நான் கூறமாட்டேன். அதே ஆண்டு ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீதும் சீனக்குடாவின்மீதும் குண்டு வீசின, அதன் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் ஜேர்மனியோடும் இத்தாலியோடும்கூட அமெரிக்கா போர் புரிந்துகொண்டிருந்தது. அந்த வம்சாவளிப் பிரசைகளை அது இவ்வாறு கூட்டாக அகற்றவில்லை. குண்டுவீச்சுக்கு உள்ளான ஹவாயில் ஜப்பானிய வம்சாவளியினர் சனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாக இருந்தார்கள், அவர்கள் இன்றித் தீவின் தொழில்கள் நடவா என்பதால் அங்கும் கூட்டு வெளியேற்றம் நிகழவில்லை. ஆபத்து மிகுந்த இடத்தில் விட்டுவைத்து, குறைந்த இடத்தில் பிடித்தார்கள் என்றால், இராணுவத் தேவை என்ற வாதம் எவ்வளவு பொருந்தும் என்பதை மாணவர்களே மதிப்பிடட்டும்.

நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. பிரெட் கொரமாட்சு என்ற பிரசை வெளியேற மறுத்துத் தண்டிக்கப்பட்டபோது, 1944இல் உயர் நீதிமன்றம் 6க்கு 3 என்ற பெரும்பான்மையால் அத்தண்டனையைச் சரியென்றது. ஜப்பானிய வம்சாவளியினரால் ஆபத்தில்லை என்று கூறிய அரசின் சொந்த அறிக்கைகள் நீதியரசர்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தமை பின்னர் வெளியானதால், 1983இல் மத்திய நீதிமன்றம் ஒன்று அத்தண்டனையை நீக்கியது. 1988இல் காங்கிரஸ் மன்னிப்புக் கோரி, உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்கச் சட்டமியற்றியது. முகாம்களில் இருந்த முதியவர்கள் பலர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள்.

சட்டமாணவி (பதில்):

ஆசிரியர் ஐயா கூறியதோடு உடன்படுகிறேன், ஆயினும் கேள்வியே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதாக எனக்குப் படுகிறது. மத்திய அரசு ஒடுக்கும், மாநிலம் காக்கும் என்ற எதிர்பார்ப்பு நமது நாட்டு அனுபவத்திலிருந்து வருவது. அமெரிக்கக் கறுப்பின மக்களைக் கேட்டால் பெரும்பாலும் நேர்மாறாகவே சொல்வார்கள். 1957இல் லிட்டில் ரொக் நகரப் பாடசாலைக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழைவதை ஆளுநர் ஓர்வல் ஃபோபஸ் ஆர்கன்சோவின் தேசியக் காவற்படையைக் கொண்டு தடுத்தபோது, ஜனாதிபதி ஐசன்ஹோவர் அப்படையைத் தமது அதிகாரத்தின்கீழ் எடுத்து, இராணுவத்தையும் அனுப்பினார். மாநில உரிமை பேசிய அதே தென்மாநிலங்கள், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், தப்பியோடிய அடிமைகளை வடமாநிலங்களிலிருந்து பிடித்துவர 1850ஆம் ஆண்டின் மத்திய சட்டத்தை நாடின என்பதும், அப்போது விஸ்கொன்சின் போன்ற வடமாநிலங்களே மத்திய அதிகாரத்தை எதிர்த்தன என்பதும் மறக்கப்படலாகாதவை.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்களின் கதையில் இரு தரப்பும் சேர்ந்தே அநியாயம் செய்தன. அவர்களது நிலத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் சட்டம் செல்லாது என்று உயர் நீதிமன்றம் 1832இல் தீர்ப்பளித்தது. ஜோர்ஜியா பணியவில்லை, ஜனாதிபதி ஜக்சனின் நிர்வாகம் அதைப் பணியவைக்க முயலவும் இல்லை. 1838இல் மத்திய இராணுவமே அவர்களை மேற்கு நோக்கி விரட்டியது. ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகப் பரவலாக மதிப்பிடப்படுகிறது.

நிலாவெளியான் (பதில்):

இரகசியமாக நடந்தவற்றில் மாநிலமா மத்தியா என்ற கேள்வியே எழவில்லை. மத்திய அரசின் புலனாய்வுப் பணியகமான எஃப்.பி.ஐ. 1956 முதல் 1971 வரை உள்நாட்டு அரசியல் இயக்கங்களைக் குலைக்க நடத்திய நடவடிக்கைகளில், 1964இல் மார்ட்டின் லூதர் கிங்கிற்கு அனுப்பிய பெயரற்ற மிரட்டல் கடிதமும் ஒன்று. அதை அம்பலப்படுத்தியவர்கள் 1971 மார்ச் 8ஆம் திகதி இரவு பென்சில்வேனியாவின் மீடியா என்ற சிற்றூரில் அப்பணியகத்தின் அலுவலகத்தை உடைத்துக் கோப்புகளை எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பிய சாதாரணப் பிரசைகள். உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை ஆராய்ந்த செனட் சபையின் சேர்ச் குழு விசாரணை தொடங்கியது அதன்பின் 1975இல்தான். டஸ்கீகியும் 1972இல் பத்திரிகைச் செய்தியால்தான் நின்றது. களவு குற்றமா என்று மாணவர்கள் கேட்டால் என்ன சொல்வீர்களோ, அது உங்கள் பாடு!

கோட்டைவாசல்:

மூவருக்கும் நன்றி. அப்படியானால், தடுப்பு என்ற வகையில் சமஷ்டியால் எந்தப் பயனும் இல்லை என்று முடிவு செய்யலாமா?

உப்புவெளி ஆசிரியர்:

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மத்திய சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு மாநில அதிகாரிகளுக்கு மத்திய அரசு கட்டளையிட முடியாது என்று 1997இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. குடிவரவுச் சட்டத்தில் ஒத்துழைக்க மறுக்கும் மாநிலங்களும் நகரங்களும் இன்றும் அந்தத் தத்துவத்தின்மீதே நிற்கின்றன. மாநிலம் விரும்பினால் மறுக்கலாம், அதுவே சமஷ்டி தரும் பயன். பாதிக்கப்படும் சிறுபான்மையை மாநிலப் பெரும்பான்மையும் வெறுக்கும்போது அந்த விருப்பம் பிறப்பதில்லை.

மாணவர்களுக்கு ஓர் உதாரணம் மட்டும் கொடுக்க இடமிருந்தால், 1798ஆம் ஆண்டுச் சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனாதிபதி ஜோன் அடம்ஸின் காலத்தில் அரசை விமர்சித்து எழுதுவதைக் குற்றமாக்கிய இராசத்துரோகச் சட்டத்தின்கீழ், வெர்மொன்ட் மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் மத்தியூ லயன் சிறைக்குப் போனார். அங்கிருந்தபடியே மீண்டும் தெரிவானார். வேர்ஜீனியாவும் கென்டக்கியும் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றின, வேறு மாநிலங்கள் உடன் நிற்கவில்லை. அச்சட்டம் முடிவுத் திகதியுடன் எழுதப்பட்டிருந்ததால், 1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அடம்ஸ் தோற்றபின் 1801 மார்ச்சில் தானாகக் காலாவதியானது. போர்க்காலத்தில் எதிரி நாட்டவரைப் பிடித்து வெளியேற்ற அதே ஆண்டில் இயற்றப்பட்ட, முடிவுத் திகதி இல்லாத எதிரி அந்நியர் சட்டமோ சட்டநூலில் அப்படியே இருந்தது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப், போர் எதுவும் அறிவிக்கப்படாத நிலையில், குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் எனக் கூறப்பட்ட வெனிசுவேலா நாட்டவர்களை வெளியேற்ற அதையே கையில் எடுத்தார். அவர்களுக்கு முன்னறிவித்தலும் நீதிமன்றத்தை நாடும் வாய்ப்பும் வழங்கப்பட வேண்டும் என்று அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் கூறியது.

நமது பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று வந்து, 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. இரு நாட்டுச் சட்டங்களிலும் முடிவுத் திகதி என்னவாயிற்று என்று மாணவர்களை ஒப்பிடச் சொன்னால், கலந்துரையாடல் நேரம் அதற்கே போதாது.