கனேடியக் குடியுரிமையோடு கொக்குவிலில் காணி வாங்கலாமா? தம்பி பெயரில் எழுதினால் சிக்கல் வருமா?

கொக்குவில்_பெடியன்:
வணக்கம். நான் ஸ்காபரோவில் இருக்கிறன். கனடாக் குடியுரிமை எடுத்துக் கனகாலம். இரட்டைக் குடியுரிமைக்கு இன்னும் விண்ணப்பிக்கேல்லை. யாழ்ப்பாணத்தில, கொக்குவிலில ஐயா வீட்டுக்குப் பக்கத்தில 3 பரப்புக் காணி விலைக்கு வருது, ஒண்டரைக் கோடி ரூபா கேக்கினம். காணி உறுதி எழுதுற நொத்தாரிசு வெளிநாட்டுக் குடியுரிமைக்காரருக்கு எழுதேலாது எண்டு கையை விரிச்சிட்டார். தரகர் சொல்றது வேற: தம்பியின்ர பெயரில எழுதுங்கோ, காசை உண்டியலில (வங்கிக்கு வெளியால, ஆள் மூலம்) அனுப்புங்கோ, பிறகு மாத்திக்கொள்ளலாம் எண்டு. தம்பி கலியாணம் முடிச்சவன், ரெண்டு பிள்ளையள். தங்கமான பெடியன், அதில சந்தேகம் இல்லை. காணியில சின்ன வீடொண்டு கட்டி வாடகைக்கு விடுற யோசனை. சட்டம், வரி எண்டு என்ன பார்க்கோணும்? மனுசி இன்னும் பிஆர் (நிரந்தர வதிவுரிமை) தான், அவவும் வரியில ஏதும் காட்டோணுமோ?

உறுதிக்கட்டு:
நொத்தாரிசு சொன்னது சரி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணி (பராதீனப்படுத்தல் மீதான மட்டுப்பாடுகள்) சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதைத் தடுக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது இதில் உதவாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவுடன் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும், ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் வெளிநாட்டவர். விலக்குகள் இருக்கின்றன. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் வாங்கலாம். நெருங்கிய உறவினர் நன்கொடையாகவோ மரண சாசனத்தாலோ (உயில்) தரும் காணியையும் பெறலாம். ஆகவே ஐயா தன் வீட்டை உங்களுக்கு நன்கொடை உறுதி எழுதுவதற்குத் தடை இல்லை. பக்கத்துக் காணிதான் பிரச்சினை.

தம்பி பெயரில் எழுதுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தம்பியின் குணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. வடமாகாணத் தமிழருக்குத் தேசவழமை என்ற வழக்காற்றுச் சட்டம் பொருந்தும். கலியாணத்துக்குப் பிறகு விலை கொடுத்து வாங்கிய சொத்து தேடிய தேட்டம். தம்பி மரண சாசனம் எழுதாமல் கண்ணை மூடினால் பாதி மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. அந்த வரிசையில் நீங்கள் இல்லை. காசு கொடுத்தது நான்தான் என்று நம்பிக்கைப் பொறுப்பு வழக்குப் (தம்பி எனக்காகப் பெயருக்கு மட்டுமே வைத்திருக்கிறார் என்ற வழக்கு) போட்டால், சட்டத் தடையைச் சுற்றிப் போகவே அப்படி எழுதினேன் என்று நீங்களே நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வரும். உண்டியலில் போன காசுக்கு ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

உங்கள் கேள்வியின் கடைசி வரியை இரண்டு தடவை வாசித்தேன். மனைவி பிஆர் என்றால் அவர் இன்னும் இலங்கைக் குடிமகள்தானே?

கொக்குவில்_பெடியன்:
ஓம், இலங்கைப் பாஸ்போட் தான். ஆனா அவவும் சிற்றிசனுக்குப் போட இருக்கிறா.

உறுதிக்கட்டு:
அப்போ அவர் பெயரில் இப்போதே அறுதி உறுதி (விற்பனை உறுதி) முடிக்கலாம், எந்தத் திருகுதாளமும் தேவையில்லை. சட்டம் தடுப்பது உரிமை மாற்றத்தைத்தான். பிறகு அவர் கனேடியக் குடியுரிமை எடுத்தாலும் ஏற்கெனவே வாங்கிய காணி கைவிட்டுப் போகாது. முதலில் காணி, பிறகு குடியுரிமை. அந்த வரிசை மாறக் கூடாது.

கணக்குப்பிள்ளை_மார்க்கம்:
கனடாப் பக்கத்தை நான் சொல்லுறன். காசு உங்கட, பெயர் மனுசியின்ர எண்டால் சிஆர்ஏ (கனடா வருமானவரித் திணைக்களம்) அதைத் துணைக்குக் குடுத்த சொத்தாத்தான் பார்க்கும். வாடகை வருமானமும், வித்தால் வாற மூலதன ஆதாயமும் உங்கட கணக்கிலதான் ஏறும். மனுசிக்கு வருமானம் குறைவு, அவவின்ர பெயரில காட்டி வரியைக் குறைப்பம் எண்டு நினைச்சிருந்தால் அதை மறந்திடுங்கோ.

டி1135 படிவம்: வெளிநாட்டுச் சொத்தின்ர கொள்விலை ஆண்டின் எந்த நாளிலும் 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் நிரப்போணும். விடுமுறைக்குப் போய்த் தங்கிற சொந்தப் பாவனை வீடு இதில சேராது, வாடகை வீடு சேரும். வெறுங்காணி விலை எல்லைக்குள்ள நிக்கலாம், வீடு கட்டுற செலவு சேர்ந்தால் தாண்டிடும். பிந்தினால் நாளுக்கு 25 டொலர், கூடினது 2,500 வரை தண்டம். வரி ஒரு சதமும் வராத ஆண்டிலயும் இந்தத் தண்டம் வரும்.

விக்கேக்க ஒரு கூத்து இருக்கு, சனம் யோசிக்கிறேல்லை. இலங்கை ஆதாயத்தை ரூபாவில கணக்குப் பார்க்கும். தனியாளுக்கான ஆதாய வரி வீதம் 2025 ஏப்ரலில 10% இலிருந்து 15% ஆச்சு. கனடா டொலரில பார்க்கும்: வாங்கின அண்டைய மாற்று வீதத்தில ஒரு விலை, வித்த அண்டைய வீதத்தில மற்ற விலை. 2022 மார்ச்சுக்கு முன்னம் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில நிண்டது. கனடா டொலருக்கும் அமெரிக்க டொலருக்கும் இடையில வீதம் மாறேல்லை எண்டு வைப்பம். அப்ப ஒரு கோடிக்கு வாங்கினவருக்கு அது 50,000 அமெரிக்க டொலர். டொலர் 300 ரூபாவா இருக்கேக்க ஒண்டரைக் கோடிக்கு வித்தால் அதுவும் 50,000 தான். கையில லாபம் பூச்சியம், ஆனா இலங்கை 50 லட்சத்துக்கு 15% எண்டு ஏழரை லட்சம் ரூபா கேக்கும். கனடாவில ஆதாயம் இல்லாதபடியால் அந்த வரியைக் கழிக்கவும் இடமில்லை. வாங்கின நாளின்ர வீதத்தையும் வங்கிச் சீட்டையும் பத்திரமா வையுங்கோ.

வலிகாமத்தான்:
காசை வங்கி மூலம் உள்நோக்கிய முதலீட்டுக் கணக்குக்கு (வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக் காசு கொண்டுவரும் இலங்கை வங்கிக் கணக்கு) அனுப்பி, அதிலிருந்து விற்பவருக்குக் கொடுங்கள். நாளைக்கு விற்ற காசை டொலராக வெளியே எடுக்க அதுதான் வழி. கணக்கைக் காணி வாங்கும் மனைவியின் பெயரில் திறவுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு லட்சத்துக்கு 3%, மீதிக்கு 4%, அது வாங்குபவர் தலையில்.

கொக்குவில்_பெடியன்:
எல்லாருக்கும் நன்றி. விக்கிறவர் 10 லட்சம் முற்பணம் கேக்கிறார். இப்ப குடுக்கலாமோ? காணி அவருக்கும் ரெண்டு சகோதரங்களுக்கும் பங்காம், அவையள் பிரான்சில.

உறுதிக்கட்டு:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பிரிக்காத பங்குக் காணி என்றால் அவர் தன் பங்கை மட்டுமே விற்கலாம். தேசவழமையில் பங்குக்காரருக்கு முன்வாங்கும் உரிமை (வெளியாருக்கு முன் தாங்களே வாங்கும் உரிமை) உண்டு. முறையான அறிவித்தல் இல்லாமல் எழுதினால் பிரான்சில் இருப்பவர்கள் பிறகு வழக்குக்கு வரலாம். மூவரும் கையெழுத்திட வேண்டும், வர முடியாதவர்கள் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோனித் தத்துவம் (தமக்காக வேறொருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம்) அனுப்பட்டும். காணிப் பதிவகத்தில் 30 வருட உரிமைப் பதிவுகளின் தேடுதல் எடுத்து, நில அளவையாளரைக் கொண்டு எல்லையையும் பாருங்கள். அதெல்லாம் கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதீர்கள்.