ஹைப்போவா, ஹைப்பரா? ‘உபரி’யில் இருக்கு விடை

வார்டு நர்ஸ்:
ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம். இந்த ரெண்டு சொல்லுக்கும் போனில் கடைசி அசைதான் வித்தியாசம். வார்டு இரைச்சலில் அதுவும் அமுங்கிப்போகும். பொட்டாசியம் விஷயத்தில் இது உயிரோடு விளையாடுவது. இரத்தத்தில் அது லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் ஹைப்போகலேமியா, பொட்டாசியம் கொடுப்போம். 6-ஐத் தாண்டிய ஹைப்பர்கலேமியாவில் அதையே ஏற்றிவிட்டால் இதயம் நின்றே போகலாம். அதனால் போனில் அந்தச் சொல்லை நம்பாதீங்க. “பொட்டாசியம் குறைவு, இரண்டு புள்ளி ஒன்பது” என்று சொல்லுங்க. எதிர்முனையில் எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேளுங்க.

வேர்ச்சொல்:
வேர் தெரிந்துவிட்டால் குழப்பம் வராது அக்கா. கிரேக்கத்தில் ஹுபோ என்றால் கீழ், ஹுபேர் என்றால் மேல். சமஸ்கிருதத்தின் உப, உபரி இரண்டும் இவற்றோடு ஒரே வேரில் பிறந்தவை. சொல்லின் முதலில் உகரம் வந்தால் கிரேக்கத்தில் ஒரு ஹகர மூச்சு ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. உபநதியில் ஹைப்போ இருக்கிறது, அணையிலிருந்து திறந்துவிடும் உபரி நீரில் ஹைப்பர் இருக்கிறது. லத்தீனில் இவையே சப், சூப்பர். ரகரம் கேட்டால் உபரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு இடத்தில் மட்டும் ஹைப்போ ஒளிந்துகொள்ளும். அடுத்து உயிரெழுத்து வந்தால் ‘ஓ’ உதிர்ந்துவிடும். ஹைப்பாக்ஸியா அப்படி வந்ததுதான்: உடலில் ஆக்சிஜன் குறைவு.

லேப் டெக்னீஷியன்:
ரிப்போர்ட்டில் டிஎஸ்எச் கூடியிருந்தால் “ஹைப்பர் தைராய்டு” என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நேர் எதிர். தைராய்டு சுரப்பி மந்தமானால், அதைத் தட்டியெழுப்ப மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்தான் டிஎஸ்எச். டிஎஸ்எச் ஏறி, தைராய்டே சுரக்கும் ஹார்மோனான டி4 இறங்கியிருந்தால் ஹைப்போ. முன்னொட்டு சுரப்பியின் வேலையைச் சொல்கிறது, தாளில் உள்ள அந்த எண்ணை அல்ல. டிஎஸ்எச், டி4 இரண்டுமே குறைந்திருந்தால் பிட்யூட்டரியிலேயே கோளாறு இருக்கலாம், டாக்டர் பார்த்தாகணும்.

வேர்ச்சொல்:
உறுப்புப் பெயர்களில் ஹைப்போ அளவைச் சொல்லாது, இடத்தைச் சொல்லும். மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருப்பது ஹைப்போதலாமஸ். காண்ட்ரோஸ் என்றால் குருத்தெலும்பு. ஆகவே ‘வலது ஹைப்போகாண்ட்ரியத்தில் வலி’ என்று எழுதியிருந்தால், வலப்பக்க விலா எலும்புகளின் குருத்தெலும்புக்குக் கீழே, கல்லீரலும் பித்தப்பையும் இருக்கும் பகுதி.

மருந்துக்கடை:
“அவருக்கு ஹைப்போ ஆயிடுச்சு” என்று சுகர்காரர் வீட்டில் சொன்னால் ஹைப்போகிளைசீமியா. ஹைப்போ கீழ், கிளைக் இனிப்பு, ஈமியா இரத்தம். சுகர் 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ், நினைவோடு இருக்கிறார் என்றால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்க. 15 நிமிஷம் கழித்து மறுபடி குத்திப் பாருங்க. ஏறவில்லையா, இன்னொரு தடவை அதே அளவு. ஏறியதும் இட்லியோ பிரட்டோ சாப்பிட வைக்கணும், இல்லாவிட்டால் திரும்பவும் இறங்கும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். சுகர்ஃப்ரீ மாத்திரையால் பயனே இல்லை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீங்க, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குக் கூப்பிடுங்க.