யூரினில் சீழ் இருக்கிறது, கல்ச்சரில் கிருமி இல்லை: எங்கள் வீட்டு கிட்னி டிபி அனுபவம்

அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது மாதமாக நீர்க்கடுப்பு, ராத்திரியில் ஆறேழு தடவை எழுந்து போவார், சொட்டுச் சொட்டாகத்தான் வரும், எரிச்சல் தாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யூரின் இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள், நாலு நாள் தேவலை, அப்புறம் பழையபடி. இப்படி ஐந்து ஆன்டிபயாட்டிக். ஒருநாள் எல்லா ரிப்போர்ட்டையும் தரையில் பரப்பிப் பார்த்தேன். சீழ் அணுக்கள் ஒவ்வொன்றிலும் 30, 40. யூரினில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டில் மட்டும் எதுவும் வளரவில்லை.

அடுத்துப் பார்த்த சிறுநீர்ப் பாதை டாக்டர் (யூராலஜிஸ்ட்) அதைப் பார்த்ததுமே, "முன்னாடி டிபி வந்திருக்கா?" என்றார். நான் நாலாவது படிக்கும்போது அம்மாவுக்கு நுரையீரலில் வந்து குணமாகியிருந்தது, நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம். அப்போதே ரத்தம் வழியாகக் கிட்னிக்குப் போன கிருமி பல வருஷம் சும்மா கிடந்து பிறகு கிளம்புமாம். சாதாரணக் கல்ச்சரில் அது வளராது. லீவோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் அதையும் கொஞ்சம் அடக்கிவைப்பதால் குறைந்த மாதிரி தெரிந்து ஏமாற்றும்.

தொடர்ந்து மூன்று நாள், விடியற்காலை முதல் யூரின் கொடுக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாள் பாட்டிலில்தான் கிருமி தெரிந்தது, அதனால் ஒரு தடவை இல்லை என்று வந்தால் விட்டுவிடாதீர்கள். சிடி ஸ்கேனில் வலது பக்கச் சிறுநீர்க் குழாய் சுருங்கிக் கிட்னி வீங்கியிருந்தது, உடனே யூரின் தடையில்லாமல் இறங்க உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்தார்கள்.

மருந்து ஆறு மாதம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முதல் இரண்டு மாதம் நாலு மருந்து சேர்ந்த மாத்திரை, அம்மாவின் 44 கிலோ எடைக்குத் தினம் மூன்று. பிறகு நாலு மாதம் மூன்று மருந்து. முதல் நாளே யூரின் ஆரஞ்சாக வந்ததைப் பார்த்து ரத்தம் என்று அம்மா அழுதுவிட்டார், அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை. அதிலிருக்கும் இன்னொரு மருந்தான எத்தாம்பியூட்டால் கண்ணைப் பாதிக்கலாம், நிறம் சரியாகத் தெரியாமல் போகலாம் என்றதால் தினமும் காலண்டரில் சிவப்புத் தேதியைக் காட்டி என்ன நிறம் என்று கேட்பேன்.

மருந்து சாப்பிடும்போதே புண் ஆறித் தழும்பாகிக் குழாய் மேலும் சுருங்கலாம், வலியே இல்லாமலும் இது நடக்கலாம். நடுவில் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள்.

பதில்:

படிக்கும்போது எங்கள் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. அவருக்கும் இதே டிபிதான், விரையில் வலியில்லாத வீக்கம், வெட்கப்பட்டு ஒரு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. சீழ் வடிய ஆரம்பித்த பிறகுதான் அண்ணி கட்டாயப்படுத்தி அழைத்துப் போனார். அதற்குள் இடது கிட்னி சுண்ணாம்பு படிந்து மொத்தமாக வேலை நின்றுவிட்டது. மருந்து ஆரம்பித்து ஆறு வாரம் கழித்து அதை எடுத்தார்கள். இப்போது ஒரு கிட்னியோடு வேலைக்குப் போகிறார், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கிறோம். உங்கள் அம்மாவுக்கு ஸ்டென்ட் எப்போது எடுத்தார்கள்?