2012 ஏப்ரல் 11: எட்டாவது மாடியில் ஆட்டம், தரையில் அமைதி

2012 ஏப்ரல் 11 நிலநடுக்கத்தின்போது மாடியில் இருந்தவர்கள் அலறியடித்து இறங்கி வந்தார்கள், கீழே நின்ற எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லையே, அது எப்படி என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அன்று நான் சென்னையில் ஓர் அலுவலகத்தின் எட்டாவது மாடியில் இருந்தேன்.

புதன்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்திருந்த நேரம். முதலில் தலைசுற்றுவதுபோல் இருந்தது. பக்கத்து மேசைக்காரரும் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த தண்ணீர் கேனைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. உள்ளே நீர் ஒரு பக்கம் சாய்ந்து ஏறி, அவசரமில்லாமல் மறுபக்கம் ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னல் திரையின் கயிறு சுவரைத் தொட்டுத் தொட்டு விலகியது. சத்தமில்லை, குலுக்கலும் இல்லை. கட்டடமே மெல்ல ஊசலாடியது. படிக்கட்டு வழியாக இறங்கி வாசலுக்கு வந்தால், டீக்கடைக்காரர் பால் ஆற்றியபடியே "என்ன சார், தீ விபத்தா?" என்று கேட்டார்.

நிலநடுக்கம் நிகழ்ந்தது பிற்பகல் 2.08க்கு, சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். அங்கிருந்து எல்லாவற்றுக்கும் முந்தி ஓடிவரும் முதன்மை அலைகள் நம்மை எட்டச் சுமார் நான்கு நிமிடம் ஆகும். பாறையைக் குறுக்காக அசைத்தபடி வரும் இரண்டாம் நிலை அலைகளும், தரையின் மேற்பகுதியை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலைகளும் அதற்குப் பின்னால் வரும். இவ்வளவு தொலைவு பாறைக்குள் பயணிக்கும்போது வேகமாக அதிரும் அலைகள் வழியிலேயே தேய்ந்துபோகின்றன. மிஞ்சுவது மெதுவாக ஆடும் நீண்ட அலைகள்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. தாழ்ந்த வீடு படபடவென்று ஆடும் தன்மையுடையது, உயர்ந்த கட்டடம் நிதானமாக ஆடும். தொலைவிலிருந்து வரும் மெதுவான அலை உயர்ந்த கட்டடத்தோடு ஒத்துப்போய் அதன் ஆட்டத்தைப் பெருக்குகிறது. அதனால்தான் டீக்கடையில் தம்ளர்கூட அசையவில்லை.

எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் அக்கா, மெரினாவை ஒட்டிய மீனவர் பகுதியான நொச்சிக்குப்பத்துக்காரர். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கடல் வருமா, தம்பி?" அன்று அங்கே நின்ற அத்தனை பேரிலும் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

2004 டிசம்பர் 26இல் சுனாமியைக் கொண்டுவந்த நிலநடுக்கத்தின் அளவு 9.1. 2012இல் 8.6. அளவில் ஒன்று கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். ஆகவே இரண்டும் சமமல்ல. ஆனாலும் 8.6 சிறியது என்று யாரும் சொல்ல முடியாது. இருந்தும் கடல் பொங்காததற்கு முக்கியக் காரணம், தரை நகர்ந்த திசை. பூமியின் மேல்பகுதி புவித்தட்டுகள் என்னும் பெரும் பாறைத் துண்டுகளால் ஆனது. 2004இல் ஒரு புவித்தட்டின் அடியில் இன்னொன்று அமிழும் எல்லையில், நெடுங்காலம் இறுகிப்போயிருந்த பாறை விடுபட்டது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. கடல்தரையின் பெரும்பகுதி மேலெழ, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் எழும்பியது. 2012இல் உடைந்தது தட்டுகளின் எல்லையன்று, இந்தியப் பெருங்கடலின் அடியிலுள்ள புவித்தட்டின் உட்பகுதி. பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன. இந்த வகையில் கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது அதுதான். நீரைத் தூக்கும் அசைவு அதில் குறைவு.

"ஒன்றுமே வரவில்லை, வீண் பீதி" என்று இங்கே சிலர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நிலநடுக்கம் எங்கே, எவ்வளவு பெரியது என்பதுதான் முதல் சில நிமிடங்களில் தெரியும். தரை மேலெழுந்ததா, பக்கவாட்டில் நகர்ந்ததா என்பது பிறகே தெளிவாகும். அதற்காகக் காத்திருப்பது ஆபத்து. 2007 முதல் ஹைதராபாத்தில் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம் அன்று எச்சரித்தது, மெரினாவிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். மாலை 4.13க்கு 8.2 அளவில் இன்னொன்றும் வந்தது. 2004இல் காலை 6.29க்குத் தரை அசைந்த பின், அலை சென்னைக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. சொல்வதற்குத்தான் ஆளில்லை. அன்று விடியலில் அடுக்கிய பாத்திரங்கள் ஆடியதைப் பார்த்துவிட்டு, பிறகு வழக்கம்போல் கரைக்கு மீன் வாங்கப் போனதை அக்கா சொன்னபோது எனக்கு வயிறு கலங்கியது.

அந்த அலைகள் நம்மோடு நின்றுவிடுவதில்லை, பூமியின் ஆழத்துக்கும் போகின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்டு ஓல்டாம், 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளில் மேலே சொன்ன மூன்று வகை அலைகளையும் பிரித்து அறிந்தார். 1906இல், பூமிக்குள் ஒரு கருவம், அதாவது தனித்தன்மையுள்ள மையப்பகுதி, இருப்பதை அலைகளின் தாமதத்தைக் கொண்டே நிறுவினார். யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. மனிதன் தோண்டியது அதிகபட்சம் 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அதுவும் ரஷ்யாவின் கோலாவில். கருவமோ சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்குகிறது. இரண்டாம் நிலை அலைகள் திரவத்தில் செல்லாது. அவை அங்கே நின்றுபோவதால்தான் வெளிக்கருவம் உருகிய நிலையில் இருப்பது தெரிகிறது. திடமான உட்கருவத்தை 1936இல் கண்டறிந்தவர் டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann). நம் தண்ணீர் கேனைச் சாய்த்த அதே நிலநடுக்கத்தின் அலைகள், உலகெங்கும் உள்ள அதிர்வுமானிகளில் இந்த ஆழங்களின் செய்தியையும் எழுதிவிட்டுப் போயின என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நாகப்பட்டினம், கடலூர், தூத்துக்குடிப் பக்கம் அன்று மாடியில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2.08க்குப் பிறகு எத்தனை நிமிடத்தில் அசைவு தெரிந்தது, எத்தனையாவது தளம் என்பதை எழுதுங்கள். தரைத்தளத்தில் உணர்ந்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், அந்த இடம் ஆற்று வண்டல் நிலமா என்பதையும் சேர்த்து; தளர்ந்த வண்டல் மண் அசைவைப் பெருக்கக்கூடும்.