பொக்ஸை மாற்றியும் போகாத சத்தம்

உவர்மலையிலிருந்து

பழைய லான்சர் கார் ஒன்று வைத்திருக்கிறேன். என் கைக்கு வரும்போதே கொம்பனி பின் பொக்ஸ், அதாவது புகைப் பைப்பின் கடைசியில் சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர், இல்லை. வாய் அகன்ற ஸ்டெயின்லெஸ் பொக்ஸ் ஒன்று பூட்டியிருந்தது. அந்தச் சத்தத்துக்காகவும் சேர்த்துத்தான் வாங்கினேன், மறைக்க என்ன இருக்கிறது. இரண்டு மாதத்தில் அலுத்துவிட்டது.

சத்தம் மூன்று விதம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் ஓடுவது போல 'டிக் டிக்'. ஸ்பீட் பம்பில் ஏறி இறங்கினால் அடியில் 'டொங்'. கந்தளாய் வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றரில் போனால் காதுக்குள் வண்டு புகுந்தது போல 'உம்ம்ம்'. அம்மா ஒருமுறை கந்தளாயில் இறங்கி, "நான் பஸ்ஸில வாறன், நீ போ" என்று சொல்லிவிட்டா.

மூன்றும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் நான் விட்ட பிழை. திருகோணமலை டவுனில் ஒரு கடையில் புதுப் பொக்ஸ் வாங்கிப் பூட்டினேன். காசு போனது, சத்தம் மூன்றும் அப்படியே இருந்தன.

மானம் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோணேசர் கோயிலுக்குப் போய் வரும்போது, பிரட்றிக் கோட்டைக்குள் மர நிழலில் மான்கள் படுத்திருந்தன. வாகனம், பஸ், சனம் எதற்கும் அசையாத மான்கள். நான் ஸ்டார்ட் செய்ததும் ஒன்றுவிடாமல் காதை நிமிர்த்திக்கொண்டு என்னைப் பார்த்தன.

அடுத்த நாளே பாலம் கடந்து கிண்ணியாவுக்குப் போனேன். அங்கே கராஜ் வைத்திருக்கிற நானா (முஸ்லிம் அண்ணர்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) காருக்கு அடியில் குனியவே இல்லை. "எப்ப வருது தம்பி? எஞ்ஜின் சூடாக முந்தியா, பிந்தியா?" என்றுதான் முதலில் கேட்டார். காலையில்தான் என்றதும், "அப்ப இரவைக்கு இங்க விட்டுட்டுப் போங்க" என்றார்.

விடிந்ததும் குளிர்ந்த எஞ்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நனைத்து மடித்த துணியைப் பைப் வாயில் வைத்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தார். பின்னால் வழியில்லாத புகை ஓட்டையைத் தேடிப் போகும்தானே. முன்பக்கம் 'ஸ்ஸ்' என்றது. எஞ்ஜினிலிருந்து இறங்கும் பைப் மூட்டில் சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்தார். ஒரு ஓரத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. பக்கத்து இரும்பில் விசிறி விரித்த மாதிரிக் கரி. மூட்டுக்கு நடுவில் ஒழுகாமல் அடைக்கும் கஸ்கட் எரிந்துபோயிருந்தது. சூடானால் இரும்பு விரிந்து அந்த இடைவெளி அடைபட்டுவிடும். நான் எந்தக் கடைக்கும் ஓடிப்போய்ச் சூடாகத்தான் சேர்ந்திருக்கிறேன், யாருக்கு டிக் டிக் கேட்கப்போகிறது? புகையில் எவ்வளவு ஒட்சிசன் என்று பார்க்கும் சென்சருக்கு முன்னால் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்றும் உள்ளே இழுபடும். அதைப் பார்த்து காரின் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிவிடும் என்றும் சொன்னார். எனக்கு அது பேர்ஸில் தெரிந்திருந்தது, காரணம்தான் தெரியவில்லை.

'டொங்' சின்ன விஷயம். பைப்பைத் தொங்கவிடும் றப்பர்கள் இளகிப் பைப் பதிந்துபோய், பின் அச்சுக்குப் பக்கத்தில் தேய்ந்து மினுங்கியது. மூன்று மீற்றர் ஸ்டெயின்லெஸ் பைப் 300 பாகை சூடேறினால் ஒன்றரை சென்ரிமீற்றர் அளவு நீளும். ஆறியிருக்கும்போது விரல் போகிற இடைவெளி, ஓடும்போது இல்லை. றப்பர் மாற்றி, கொக்கியை வளைத்துவிட்டார்.

வண்டுச் சத்தத்துக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி: "நடுப் பொக்ஸ் எங்க?" பைப்பின் நடுவில் இருக்கவேண்டிய இன்னொரு சைலன்சர் அது. யாரோ அதை வெட்டி எடுத்துவிட்டு நேர்ப் பைப் ஒட்டியிருக்கிறார்கள். பழைய சாமான் கடையில் ஒன்று எடுத்துப் போட்டோம். இப்போது கண்ணாடி எல்லாம் பூட்டினால் மட்டும் கொஞ்சம் கேட்கும். அம்மா வருகிறா.

நிலாவெளியிலிருந்து

எங்களுடைய கதை கொஞ்சம் பயங்கரம். வான் நிற்பது கடலுக்கு நேரே. ஸ்டெயின்லெஸ் பொக்ஸைச் சாதாரண இரும்புப் பைப்போடு சாதாரண வெல்டிங் கம்பியால் ஒட்டிவிட்டார்கள். பொக்ஸ் இன்னும் பளபளக்கிறது, ஒட்டிய இடம் ஒரு மாரிக்குள் பொரிந்துவிட்டது. தரைக்கு அடியில் 'புஸ் புஸ்'. சத்தம்தானே என்று விட்டோம். ஏசி போட்டுக்கொண்டு போன ஒரு நீண்ட பயணத்தில் பிள்ளைகளுக்குத் தலையிடியும் வாந்தியும். சாப்பாட்டைக் குறை சொன்னோம். காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. பின்கதவு றப்பரும் கிழிந்திருந்தது. ஆட்கள் இருக்கும் இடத்துக்குக் கீழே ஒழுகினால் அன்றைக்கே வாகனத்தை நிறுத்துங்கள்.

தம்பலகாமத்திலிருந்து

என்னுடையது 'சர்ர்ர்' என்று தகரம் அதிர்கிற சத்தம். சிக்னலில் ஏசியோடு நின்றால் மட்டும் வரும். பொக்ஸுக்குள்ளே தட்டு கழன்றுவிட்டது, புதுசு போடவேண்டும் என்றார்கள். எஞ்ஜின் ஆறிய பிறகு கைமுட்டியால் பைப் வழியே தட்டிக்கொண்டே வந்தேன். சூடு மறைக்கும் தகடு போல்ட் துருப்பிடித்து ஆடுகிறது. தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற பெரிய இரும்புக் கிளிப் ஒன்றைச் சுற்றி இறுக்கினேன். இரண்டு வருடமாகச் சத்தமில்லை.

சீனக்குடாவிலிருந்து

லான்சர்காரருக்கு. நானும் நடுப் பொக்ஸ் இல்லாமல் ஓடியவன். எஞ்ஜின் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போதுதான் எனக்கும் வண்டு. நாலு சிலிண்டரில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, அப்படியென்றால் விநாடிக்கு 80. மறுமுனை அடைத்த ஒரு கிளைப் பைப்பை பக்கவாட்டில் ஒட்டினால், அலை உள்ளே போய்த் திரும்பி வந்து மற்ற அலையை அடித்துவிடும். நீளம் அலைநீளத்தில் காற்பங்கு இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த ஒலியின் வேகம், விநாடிக்கு 343 மீற்றர், அதை வைத்துக் கணக்குப் போட்டு 1.07 மீற்றருக்கு வெட்டி ஒட்டினேன். 2,400இல் வண்டு அப்படியே. 3,200க்குக் கொண்டுபோனால் அற்புத அமைதி. அந்த வேகத்தில் யார் ஓடுவது!

பிறகுதான் விளங்கியது, 343 அறை வெப்பநிலைக் காற்றுக்கு. பைப்புக்குள் 250 பாகை என்றால் ஒலி விநாடிக்கு 458 மீற்றர் போகும். 1.4 மீற்றருக்கு நீட்டினேன், வண்டு போய்விட்டது. ஆனால் அவ்வளவு நீளத்தை அடியில் மடித்து வைக்க இடம் தேடிப் பட்ட பாட்டில், நானாவிடம் போய் நடுப் பொக்ஸே போட்டிருக்கலாம்.

உவர்மலையிலிருந்து

போன ஞாயிறு மறுபடி கோட்டைக்குள் போனேன். ஒரு மான் ரோட்டுக்கு நடுவில் படுத்திருந்தது. கிட்டப் போயும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஹோர்ன் அடிக்கவேண்டி வந்தது.