கடற்கரை முகாமில் பிள்ளைகளின் பாதுகாப்பு: குமரிக் கரையில் நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்

முகாம் பொறுப்பாளர், நாகர்கோவில்

கோடை விடுமுறை விட்டால் நம் மாவட்டத்தில் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. பங்குகளில் மறைக்கல்வி, சபைகளில் விடுமுறை வேதாகமப் பள்ளி, விளையாட்டுக் கழகங்களின் பயிற்சி என எது நடந்தாலும், ஒரு நாள் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகாமல் முடிவதில்லை. கடலைப் பார்த்தே வளர்ந்த ஊர் என்பதால் பயமும் குறைந்துவிட்டது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாள் அது. வளர்ந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால் எட்டு வயதுப் பிள்ளை எம்மாத்திரம்?

கள்ளக்கடலுக்கு இங்கே காற்றோ மழையோ வேண்டியதில்லை. தெற்கே எங்கோ நடுக்கடலில் அடித்த புயற்காற்று கிளப்பிய அலை, நாட்கணக்கில் பயணம் செய்து நம் கரையில் வந்து ஏறும். வானம் தெளிந்திருக்கும், கடல் மட்டும் பொங்கும். ஹைதராபாத்திலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கு முன்னெச்சரிக்கை விடுகிறது. முந்தின இரவும் புறப்படும் காலையும் அதைப் பார்க்காமல் நான் பஸ்ஸை எடுக்கவிடுவதில்லை. எச்சரிக்கை இருந்தால் பயணம் பத்மநாபபுரம் அரண்மனைக்கு மாறிவிடும். (திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள்.)

சொத்தவிளைக் கடற்கரையில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். அலை உடையாமல் அமைதியாகக் கிடந்த ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் "இங்கேதான் குளிப்போம்" என்று நின்றார்கள். பக்கத்தில் கரமடி வலையைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கயிற்றை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். "மக்களே, அங்கே இறங்காதீர்கள்" என்றவர், மணலில் கிடந்த கதம்பை (தேங்காய் மட்டை) இரண்டை எடுத்தார். ஒன்றை அலை உடையும் பக்கம் எறிந்தார். சற்று நேரத்தில் அது அவர் காலடிக்கே வந்து சேர்ந்தது. மற்றதை அந்த அமைதியான இடத்தில் எறிந்தார். அது கரைக்குத் திரும்பவே இல்லை. அலைகளுக்கு நடுவே வழி பிடித்து நேரே வெளிக்கடலுக்குப் போனது. பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அன்று முதல், எந்தக் கரைக்குப் போனாலும் அந்தக் கரையில் தொழில் செய்யும் ஒருவரைக் கேட்காமல் பிள்ளைகளின் கால் நனைவதில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

குளச்சல்காரி

பெரியவர் காட்டியது இழுப்பு. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணலில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அது ஒன்றுகூடி ஓடும். ஆழம் கூடிய இடம் என்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் பார்ப்பவர் கண்ணுக்கு அது நல்ல இடமாகத் தெரிகிறது. கடலுக்குள் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்திலும் இந்த இழுப்பு அடிக்கடி இருக்கும். கல் மறைப்பில் கடல் அடங்கிக் கிடக்கிறதே என்று அங்கே பிள்ளைகளை இறக்குபவர்களைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன்.

என் அப்பா வள்ளத்தில் போனவர். இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதே, மிதந்துகொண்டு கையை உயர்த்து, முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெளியே வா என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். எதிர்த்து நீந்துபவன் களைத்துத்தான் மூழ்குகிறான். ஆனால் சிறு பிள்ளைக்கு இந்தப் பாடம் போதாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்று. மே கடைசிக்கு முகாமைத் தள்ளிப்போடாதீர்கள். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நெருங்கும்போது மேற்குக் கரையின் குணமே மாறிவிடும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை இந்தப் பக்கம் விசைப்படகுகளே கடலுக்குப் போவதில்லை.

ஒரு தாய், மார்த்தாண்டம்

தேங்காப்பட்டணத்தில் என் மகனின் முகாமுக்கு நானும் துணைக்குப் போயிருந்தேன். ஒரு சிறுவன் மூழ்கத் தொடங்கியதை அவனுக்குப் பக்கத்தில் சிரித்து விளையாடிய பிள்ளைகள்கூட அறியவில்லை. அவன் கத்தவில்லை, கையை ஆட்டவுமில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் திறந்திருந்தது. முன்மயிர் கண்ணை மறைத்தும் அதை ஒதுக்கக் கை எழவில்லை. இரண்டு கைகளும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருந்தன. விசிலோடு நின்ற ஒரு தொண்டர் பெண்தான் ஓடிப்போய் அள்ளிவந்தாள். அவளுக்கு அன்று வேறு வேலையே கொடுக்கவில்லை. பலகாரம் பரிமாறவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை. கையில் போனும் கிடையாது.

இப்போது எந்த முகாமில் சேர்ப்பதானாலும் நான் முதலில் கேட்பது, "தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பவர் யார்? அவர் களைத்தால் மாற்றிவிட யார் இருக்கிறார்கள்?" என்பதுதான். "எல்லோரும் பார்த்துக்கொள்வோம் அக்கா" என்று பதில் வந்தால் பிள்ளையை அனுப்புவதில்லை.

முட்டத்திலிருந்து

பாறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். படம் எடுக்கப் பிள்ளைகளை வரிசையாக ஏற்றி நிறுத்துகிறார்கள். பாறையில் ஈரம் இருந்தால் அங்கே அலை வந்து போயிருக்கிறது என்று பொருள். பாசி வேறு வழுக்கும். அடுத்த அலை இன்னும் மேலே ஏறலாம்.

செவிலியர், தக்கலை

மூழ்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதையும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அப்படிச் சுற்றிவிட்டுத் தூக்கிவந்த குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடங்கள் திரும்பி வராது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சுக் கொடுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 முறை அழுத்தம், 2 மூச்சு என்று 108 ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாமல் தொடருங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். நுரையீரலில் போன தண்ணீரின் விளைவு சில மணி நேரம் கழித்தும் தெரியும்.

ஓர் ஆசிரியை, கருங்கல்

கடலை மட்டும் பார்த்தால் போதாது. குளித்துவிட்டு வரும் பெண்பிள்ளைகள் உடைமாற்றத் தென்னந்தோப்பு ஓரத்தில் சேலையைக் கட்டி மறைப்பு செய்திருந்தார்கள். அங்கே போனைப் பிடித்துக்கொண்டு சுற்றிய ஓர் ஆளை நாங்கள் விரட்ட வேண்டியிருந்தது. கதவுள்ள அறை இருக்கும் இடத்துக்கே இப்போது போகிறோம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக் கூடாது என்பதும் எழுதிக் கையெழுத்து வாங்கிய விதி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடமாக்கிவிட்டோம்.

முகாம் பொறுப்பாளர், நாகர்கோவில்

அந்த எண்ணோடு கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554 இரண்டையும் எங்கள் அட்டையில் சேர்க்கிறேன். தக்கலை சகோதரி, முகாமுக்கு முன்பு எங்கள் தொண்டர்களுக்கு அந்த முதலுதவியைச் செய்து காட்ட வர முடியுமா? பங்கு மண்டபத்தில் ஏற்பாடு செய்கிறேன்.

செவிலியர், தக்கலை

கட்டாயம் வருகிறேன் அண்ணா. மண்டபம் வேண்டாம், கடற்கரையிலேயே வைத்துக்கொள்வோம். பொடிமணலில் படுக்க வைத்து அழுத்தினால் உடல் கீழே புதையும். அழுத்தம் நெஞ்சில் இறங்காது. இறுகிய மணலாகப் பார்த்துக் கிடத்துவதையும் சேர்த்துப் பழக வேண்டும்.