ரத்தம் கொடுத்ததும் கையில் தரும் அந்தக் கேள்வித்தாள்: உங்கள் அனுபவம் என்ன?

கிருஷ்ணகிரி மாந்தோப்பு
முகாமில் பிஸ்கட்டும் ஜூஸும் தரும் மேசையில் நர்சிங் மாணவி ஒருவர் தாள் கொடுத்தார். உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். ஊசியைப் பார்த்தால் பயமா, மயக்கம் வருமென்று பயமா, அடுத்த முறையும் கொடுப்பேன் என்ற உறுதி எவ்வளவு, எல்லாவற்றுக்கும் 1 முதல் 7 வரை. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். கண் இருட்டிக்கொண்டு வந்து, காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்து, அப்போதுதான் எழுந்திருந்தான். மேலுதட்டில் வியர்வை காயவில்லை. உறுதிக்கு 7 போட்டான். ஏன்பா என்றேன். "அந்தக்கா பாக்குறாங்கண்ணா" என்றான் மெதுவாக. அந்த 7-ஐ எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

பாலக்கோட்டுக்காரி
எனக்குத் தாளே தரவில்லை. விரலில் குத்தி, மயில்துத்தக் கரைசலில் ஒரு சொட்டு விட்டார்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் சொட்டு அடியில் போய்விடும். என் சொட்டு பாதி தூரம் இறங்கி, அங்கேயே நின்று, மேலே வந்தது. "உனக்கே ரத்தம் இல்ல, நீ எங்க குடுக்கப் போற, அடுத்த ஆள் வா." வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாத்திரை சாப்பிட்டு இப்போது அளவு சரியாகிவிட்டது. ஆனால் அந்த நீலக் கிண்ணத்துக்கு முன்னால் மறுபடி நிற்க மனசு வரவில்லை. கொடுத்தவர்களை மட்டும் கேட்டால் எங்களைப் போன்றவர்கள் எந்தத் தாளில் வருவோம்?

ஓசூர் நைட் ஷிப்ட்
மாந்தோப்பு அண்ணா, ஒரு பையனை வைத்து அந்தத் தாளையே ஒதுக்க வேண்டாம். 1991-இல் ஐசக் ஐசன் எழுதிய கோட்பாடு ஒன்று இருக்கிறது. ஒரு காரியத்தைப் பற்றி நமக்கு என்ன எண்ணம், சுற்றியிருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள், நம்மால் முடியும் என்று எவ்வளவு நம்புகிறோம், இந்த மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. தானம் பற்றிய கேள்வித்தாள் பலவும் இதிலிருந்துதான் வருகிறது. ஜூஸ் மேசையில் கேட்டதுதான் தப்பு. ஊசிக்கு முன்னால் ஒரு தடவையும், வீட்டுக்குப் போன பிறகு பெயர் போடாமல் ஒரு தடவையும் கேட்க வேண்டும்.

மயக்கம் வருபவர்களுக்கு: வெறும் வயிற்றில் போகாதீர்கள். கொடுப்பதற்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். படுத்திருக்கும்போது தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விடுங்கள், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்காது. முடிந்ததும் துள்ளி எழக் கூடாது. ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி கட்டாயம். என் கதை சின்னதுதான்: கம்பெனி முகாமில் சூப்பர்வைசர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார், நானும் போய்ப் படுத்தேன்.

அரூர் ரோடு
ஓசூர் தம்பி, வரிசையில் சிரிப்பு வாங்கிய அக்காவுக்குத் தண்ணீர் குடித்தால் சரியாகுமா? அவங்க சொன்னதைப் படித்துவிட்டுப் பதில் போடுங்க.

என் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ். தருமபுரி முழுக்கப் போன் போட்டு, நடுராத்திரியில் பென்னாகரத்திலிருந்து ஒரு பையன் பைக்கில் வந்தான். கையில் ரப்பர் பட்டை கட்டும்போதே விரல் நடுங்கியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். முதல் தடவையா என்றேன். "இல்லண்ணே, வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ குடுக்கறேன். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் பயப்படுவேன்." அந்தத் தாளில் அவன் பயத்துக்கும் 7 போடுவான், மறுபடி வருவதற்கும் 7 போடுவான். பயம் குறைந்தால்தான் உறுதி ஏறும் என்று கணக்குப் போடுபவர்கள் அவனை எங்கே வைப்பார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

பாலக்கோட்டுக்காரி
உங்க வீட்டுக்காரம்மா இப்ப நல்லா இருக்காங்களா அண்ணா?

ஓசூர் தம்பி, கரைசல் இல்லாமல் சின்ன மெஷினில் அளவு பார்க்கிறார்களே, அப்படிப் பார்க்கும் முகாம் நம்ம பக்கம் நடந்தால் இங்கே போடுங்க. மகளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.